சூட்டிகையான குழந்தைக்கு எந்தப் பள்ளி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொங்கல் முடிந்த கையோடு எல்கேஜி சேர்க்கைப் பேச்சு ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே கவலையை எழுதியிருக்கிறார்கள். குழந்தை வயதுக்கு மீறிப் பேசுகிறது, படிக்கிறது, கேள்வி கேட்கிறது, இதை எங்கே சேர்ப்பது என்று. அந்தக் கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மகளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பஸ்ஸில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறாள், நூறு வரை எண்ணுகிறாள். நிலா ஏன் நம்ம கூடவே வருது என்று கேட்டாள், நான் ஏதோ சொன்னேன், "அப்ப பக்கத்து வீட்டு அக்கா கூட யாரு போறா?" என்று திருப்பிக் கேட்டாள். மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பெரிய பெயருள்ள ப்ளே ஸ்கூல், ஏசி வகுப்பறை, சேரும்போதே ஒரு பை நிறைய வொர்க்புக் தருகிறார்கள். இரண்டாவது மாண்டிசோரி என்று போர்டு போட்ட பள்ளி, வேனில் போக ஒரு மணி நேரம். மூன்றாவது எங்கள் தெருமுனையில் ஒரு டீச்சர் நடத்தும் சின்ன நர்சரி, எழுத்து வேலையே கிடையாது, பிள்ளைகள் பாதி நேரம் மண்ணில்தான் இருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள். இவளுடைய திறமை வீணாகிவிடுமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பயப்படாதீர்கள். பஸ் போர்டைப் படிக்க அவளுக்கு எந்தப் பள்ளியும் சொல்லித்தரவில்லை. நீங்கள் கூட்டிக்கொண்டு போனீர்கள், அவள் கேட்டாள், நீங்கள் பதில் சொன்னீர்கள், அதில் வந்த படிப்பு அது. எல்கேஜியில் எழுத்து வேலை இல்லை என்பதால் அது எங்கேயும் போய்விடாது. கேள்வி கேட்டால் பதில் வராத இடத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்தால் கேட்பதை நிறுத்திவிடுவாள், நான் பயப்படுவது அதற்குத்தான்.

இந்த மாதிரிக் குழந்தைகளைப் பற்றி ஒன்றை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் ஒரே வேகத்தில் வளராது. பேச்சு ஆறு வயதுப் பிள்ளை மாதிரி இருக்கும், கை மூன்று வயதாகவே இருக்கும், பொம்மையைப் பிடுங்கினால் வரும் அழுகை இரண்டு வயதுக் குழந்தையுடையதாக இருக்கும். இந்தத் துறையில் இருப்பவர்கள் 1991 முதலே இதைத்தான் மீத்திறக் குழந்தைகளின், அதாவது வயதுக்கு மீறிய திறமையுள்ள பிள்ளைகளின், முக்கிய அடையாளமாகச் சொல்லி வருகிறார்கள். பேச்சைக் கேட்டுவிட்டு "இவ்வளவு தெரிஞ்ச பிள்ளை இதுக்குப் போய் அழலாமா?" என்று கேட்கிற டீச்சரிடம் உங்கள் மகள் கஷ்டப்படுவாள். அழுகிறவளைத் தூக்கி வைத்துக்கொண்டே அவள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்கிற டீச்சர்தான் அவளுக்கு வேண்டும்.

இப்போது அந்த வொர்க்புக் பைக்கு வருகிறேன். மூன்று வயதில் மணிக்கட்டில் இருக்கிற சின்ன எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். பென்சிலை மூன்று விரலால் பிடித்து, நாலு கோட்டுக்குள் எழுத்தை அடக்குவது அந்தக் கைக்குப் பெரிய வேலை. சாதாரணமாக எல்லாப் பிள்ளைக்கும் இது சிரமம் என்றால் உங்கள் மகளுக்கு இரட்டைச் சிரமம், ஏனென்றால் அந்த எழுத்து அவளுக்கு ஏற்கெனவே தெரியும், தெரிந்த எழுத்தைத்தான் புள்ளி புள்ளியாக இருபது தடவை இழுக்கச் சொல்வார்கள். கை ஒத்துழைக்காது, மனசும் அதில் நிற்காது. கொஞ்ச நாளில் "எனக்கு எழுத வராது" என்று சொல்ல ஆரம்பிப்பாள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எழுத்தை வெறுப்பது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. மண்ணைப் பிசைவது, களிமண் உருட்டுவது, பூத் தொடுப்பது, ஊஞ்சல் கயிற்றைப் பிடித்துத் தொங்குவது எல்லாமே பிறகு பென்சில் பிடிப்பதற்கான தயாரிப்புதான். பின்லாந்தில் ஏழு வயதில்தான் முறையான பள்ளிக்கூடமே தொடங்குகிறது.

சரி, பள்ளியை எப்படிப் பார்ப்பது? அட்மிஷன் நாளன்று பலூன் கட்டி வைத்திருக்கும்போது போகாதீர்கள். ஒரு சாதாரண செவ்வாய், புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போய், அரை மணி நேரம் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். முடியவே முடியாது என்றால் காரணம் கேளுங்கள், அவர்கள் சொல்லும் காரணத்திலேயே பாதி தெரிந்துவிடும். உள்ளே விட்டால் சுவரையும் சேரையும் பார்ப்பதைவிட டீச்சரின் காதைக் கவனியுங்கள்.

இரண்டு வகுப்பறைகளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டிலும் அன்று மாம்பழப் படம். முதல் வகுப்பில் டீச்சர் அட்டையைத் தூக்கிக் காட்டி "மேங்கோ, மேங்கோ" என்று சொல்லவைத்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் எழுந்து, "மிஸ், எங்க வீட்டு மாம்பழத்துல வண்டு இருந்துச்சு" என்றான். "சரி சரி, உட்காரு, அடுத்தது என்ன?" என்று அடுத்த அட்டைக்குப் போய்விட்டார். இன்னொரு பள்ளியில் கிட்டத்தட்ட இதையே ஒரு சின்னப் பெண் சொன்னாள். அந்த டீச்சர் அட்டையைக் கீழே வைத்துவிட்டார். "அப்படியா? பழத்துல ஓட்டை இருந்துச்சா?" இல்லையாம். "அப்ப எப்படி உள்ள போயிருக்கும்?" வகுப்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டது. ஒருவன் வாய் வழியாக என்றான், ஒருத்தி மந்திரம் என்றாள், இன்னொருவன் "குட்டியா இருக்கும்போதே போயிருக்கும்" என்றான். அவன் சொன்னதுதான் சரி, மாங்காய் பிஞ்சாக இருக்கும்போதே அதன் மேல் வண்டு முட்டையிட்டுவிடும், புழு கொட்டைக்குள் போய்விடும், போன வழி மூடிக்கொள்ளும். டீச்சருக்கும் அது தெரியாது. நாளைக்கு ஆளுக்கொரு பிஞ்சு கொண்டு வாருங்கள், அறுத்துப் பார்க்கலாம் என்றார். உங்கள் மகள் அந்த இரண்டாவது வகுப்பில் இருக்க வேண்டும். கட்டடம் எப்படி இருந்தாலும் சரி.

சுவரில் ஒட்டியிருக்கும் படங்களையும் பாருங்கள். இருபத்தைந்து ஆட்டுக்குட்டியும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தால் ஒட்டியது டீச்சர்தான். கதைப் புத்தகம் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா, கண்ணாடி பீரோவில் பூட்டியிருக்கிறதா? அப்புறம் டிவி. பாட்டு என்ற பெயரில் ஸ்மார்ட் டிவி ஓடிக்கொண்டே இருக்கிற இடங்கள் உண்டு. இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது, அது வீட்டில் பார்ப்பதையும் சேர்த்துத்தான். கழிவறைக்கு யார் கூட்டிப் போகிறார்கள் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைக்கும் கேள்வி ஒன்று உண்டு: "போன வருஷம் இந்த வகுப்பில் இருந்த டீச்சர் இப்போதும் இருக்கிறாரா?" வருஷத்துக்கு வருஷம் டீச்சர் மாறுகிற பள்ளியில் சம்பளமும் மரியாதையும் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம், அந்தச் சலிப்பு கடைசியில் பிள்ளைகள் மேல்தான் இறங்கும்.

மாண்டிசோரி பற்றி. பிள்ளைகள் தங்கள் வேலையைத் தாங்களே தேர்ந்தெடுத்துச் செய்து கற்கிற முறை அது. நல்ல முறை, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் பள்ளியைத் திறந்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார், உலகப்போரினால் ஊர் திரும்ப முடியாமல் போனது, கொடைக்கானலில் சில காலம் தங்கி அங்கிருந்த பிள்ளைகளோடு வேலை செய்தார். அவருடைய பிற்காலச் சிந்தனையில் நம் கொடைக்கானலுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த முறையில் மூன்று முதல் ஆறு வயதுவரை எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். உங்கள் மகள் மாதிரிக் குழந்தைக்கு இது ரொம்பப் பொருந்தும், படிக்கும்போது ஐந்து வயதுப் பிள்ளையோடு உட்காரலாம், தண்ணீர் ஊற்றிப் பழகும்போது தன் வயதுப் பிள்ளையோடு இருக்கலாம். ஆனால் மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், தடையில்லை. அதனால் உள்ளே போய்ப் பாருங்கள். வயது கலந்து இருக்கிறார்களா, காலையில் இரண்டு மூன்று மணி நேரம் மணி அடிக்காமல் பிள்ளைகளை அவரவர் வேலையில் விடுகிறார்களா, டீச்சர் மாண்டிசோரிப் பயிற்சி எங்கே எடுத்தார், எத்தனை மாதம் எடுத்தார்? எல்கேஜி தனி, யுகேஜி தனி, நாற்பது நிமிஷத்துக்கு ஒரு பீரியட் என்றால் அலமாரியில் இளஞ்சிவப்புக் கட்டைகள் அடுக்கி வைத்திருப்பதால் மட்டும் அது மாண்டிசோரி ஆகாது.

அது நிஜமான மாண்டிசோரியாகவே இருந்தாலும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்பது மூன்று வயதுக்கு மிக அதிகம். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் தூங்க வேண்டும். வேனுக்காக ஆறரைக்கு எழுப்பினால் மதியம் வரும் குழந்தை களைத்துப்போயிருக்கும், கேள்வி எங்கே கேட்கப்போகிறாள்?

என்னைக் கேட்டால் தெருமுனை நர்சரிதான். அந்த டீச்சர் எப்படிக் கேட்கிறார் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு விஷயம் மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று 2015 முதல் விதிமுறைகள் இருக்கின்றன, கல்வித்துறை அங்கீகாரம் வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள், தீயணைப்புச் சான்றும் கட்டடச் சான்றும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டாவது, பிறகு எந்தப் பெரிய பள்ளியில் சேர்க்க நினைக்கிறீர்களோ அங்கே ஒன்றாம் வகுப்பில் புதிதாக எத்தனை பேரை எடுப்பார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பல தனியார் பள்ளிகள் எல்கேஜியிலேயே இடத்தை நிரப்பிவிடுகின்றன, வீட்டில் இருப்பவர்களின் பயம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: என் பேரனுக்கு நான்கு வயது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைச் சரளமாக வாசிக்கிறான், கூட்டல் கழித்தல் போடுகிறான். எங்கள் காலத்தில் டபுள் புரமோஷன் உண்டு, நானே அப்படி வந்தவன்தான். வரும் ஜூனில் நேராக ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடலாமா?
— ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: வேண்டாம் ஐயா. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், கேந்திரிய வித்யாலயாவில் ஆறு. இன்று ஒரு வருஷம் முந்தினால் நாளை வீட்டில் யாருக்காவது இடமாற்றம் வந்து பள்ளி மாற்றும்போது சிக்கல்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2022 மார்ச்சில் பிறந்த பையன் 2026 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தால் 2038-இல் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பான், அப்போது வயது பதினாறு. நீட் தேர்வுக்குச் சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் பதினேழு முடிந்திருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. அவனுக்கு முடிந்திருக்காது. முந்திய ஒரு வருஷத்தை வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டிவரும். மருத்துவம் படிக்கப்போவதில்லை என்றாலும், பதின்மூன்று வயதில் தன்னைவிட ஒன்றரை வயது மூத்த பையன்களோடு விளையாட்டு மைதானத்தில் நிற்கப்போகிறவன் அவன்தான்.

மேலே நகர்த்துவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் நான்காம் வகுப்பு வந்தபின், ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டு, ஒரு பாடத்தில் மட்டும் மேல் வகுப்போடு உட்காரவைப்பது பல பிள்ளைகளுக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. நான்கு வயதில் அவசரமே இல்லை. கூட்டல் போடுகிறவனுக்குக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கக் கொடுங்கள், பல்லாங்குழி சொல்லிக்கொடுங்கள். பேரனோடு தினமும் பல்லாங்குழி ஆட ஒரு தாத்தா இருப்பது எந்தப் புரமோஷனுக்கும் குறைந்ததில்லை.

கேள்வி: மகனின் ப்ளே ஸ்கூலில் ஒரு முகாம் நடத்தி, குழந்தைகளின் பத்து விரல் ரேகையையும் எடுத்து, மூளையில் எந்தத் திறமை எத்தனை சதவீதம் என்று ரிப்போர்ட் தருகிறார்கள். ஐயாயிரம் ரூபாய். அதை வைத்து எந்தப் பள்ளி பொருந்தும் என்றும் சொல்வார்களாம். எடுக்கலாமா? ஐக்யூ டெஸ்ட் எடுப்பது நல்லதா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். டிஎம்ஐடி என்று சொல்லப்படும் அந்த ரேகைச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே ஆறாம் மாதத்துக்குள் அமைந்துவிடுகிறது, அதைப் பார்த்து மகனுக்குக் கணக்கு வருமா பாட்டு வருமா என்று சொல்ல முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கிற மிட் பிரைன் பயிற்சியும் இதே ரகம்தான், மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதைவிட மோசம், பெரியவர்கள் முன்னால் அந்தக் குழந்தை ஒரு பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருப்பது.

ஐக்யூ சோதனை வேறு, அது நிஜமானது. பினே–காமத் போன்ற சோதனைகளை மருத்துவ உளவியலாளர் தனியாக உட்கார்ந்து செய்வார். ஆனால் மூன்று நான்கு வயதில் அந்த எண் நிலையாக நிற்பதில்லை. அன்று தூங்கினானா, சாப்பிட்டானா, எதிரில் இருப்பவரைப் பிடித்ததா என்பதெல்லாம் எண்ணை மாற்றும். பேச்சு தாமதம், அளவுக்கு மீறிய பதற்றம் என்று ஏதாவது கவலை இருந்தால் எடுக்கலாம். பள்ளி தேர்ந்தெடுக்க அது தேவையில்லை.

சேர்க்கைக்கே சோதனை வைக்கிறார்கள் என்று இன்னும் சிலரும் எழுதியிருக்கிறீர்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் சோதனை நடத்தக் கூடாது என்கிறது, மீறினால் முதல் முறை 25,000 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய்வரை அபராதம். எல்கேஜிக்கு இது செல்லுமா என்று சட்ட வாதம் நடந்திருக்கிறது, ஆனால் முன்பருவக் கல்விக்காக மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்சிஇஆர்டி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எழுத்துத் தேர்வும் வேண்டாம் வாய்மொழித் தேர்வும் வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறது. மூன்று வயதுக் குழந்தையை இன்டர்வியூ செய்கிற பள்ளி குழந்தைகளைப் பற்றி எவ்வளவு தெரிந்துவைத்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

கேள்வி: நாலு வயது மகன். வீட்டில் கட்டைகளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் பாலம் கட்டுவான். பள்ளியில் அடங்கவே மாட்டேன் என்கிறானாம். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறான், மற்றவர்கள் எழுதும்போது எழுந்து நடக்கிறான். வாயில் விரல் வைத்து உட்காரவைக்கிறார்கள். மருத்துவரிடம் காட்டச் சொல்லிவிட்டார்கள். இப்போது தினமும் காலையில் வயிற்று வலி என்கிறான்.
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வீட்டில் ஒரு மணி நேரம் ஒரே வேலையில் இருக்கிறான் என்று நீங்கள் எழுதியது முக்கியமான தகவல். பள்ளியில் மட்டும் துறுதுறுப்பு என்றால் பெரும்பாலும் சலிப்புதான் காரணம். பிடித்த வேலையில் மட்டும் ஆழ்ந்து, மற்ற எல்லா இடத்திலும், சாப்பாட்டு நேரம், கோயில், சொந்தக்காரர் வீடு எல்லாவற்றிலும் இதே மாதிரி என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதில் தப்பில்லை. கவனக்குறைபாடும் கூர்மையான புத்தியும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் இருக்கும். ஆனால் நாலு வயதில் அவசரப்பட்டு முத்திரை குத்த நல்ல மருத்துவர் யாரும் சம்மதிக்க மாட்டார்.

டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாக வைத்துக்கொண்டு அவரும் திண்டாடிக்கொண்டிருக்கலாம். "என் பையன் ரொம்ப பிரில்லியன்ட், உங்க கிளாஸ் அவனுக்குப் போர்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "முடித்துவிட்டு எழுந்து நடக்கிறான், முடித்ததும் எடுத்துப் பார்க்க ஒரு புத்தகமோ கட்டைப் பெட்டியோ மூலையில் வைக்கலாமா, நானே வாங்கித் தருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்லேட் எடுத்துக் கொடுப்பது, வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவது மாதிரி வேலைகளையும் அவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மனசிருக்கிற டீச்சர் ஒரே வாரத்தில் செய்துவிடுவார்.

ஒரு மாதம் பார்த்தும் விரல் தண்டனை தொடர்ந்தால், வயிற்று வலியும் போகவில்லை என்றால், வருஷ நடுவில் என்றாலும் பரவாயில்லை, எடுத்துவிடுங்கள். கட்டிய ஃபீஸ் போனால் போகட்டும். காலை வயிற்று வலியை நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், இந்த வயதுக்குப் பயத்தைச் சொல்ல வேறு வார்த்தை தெரியாது. அதே கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது.

கேள்வி: இரண்டரை வயதிலேயே எங்கள் மகன் எந்தப் போர்டையும் படிப்பான். இப்போது மூன்றே கால். எல்லா நாட்டுக் கொடியும் தெரியும். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, தண்ணீர் வேண்டுமென்றால் நம் கையைப் பிடித்து இழுத்துப் போவான், கேட்க மாட்டான். மேதைகள் இப்படித்தான் இருப்பார்கள் என்கிறார்கள். எந்தப் பள்ளியில் சேர்க்கலாம்?
— பெற்றோர், சேலம்

பதில்: பள்ளியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இந்த மாதமே குழந்தையைக் காட்டுங்கள். சீக்கிரம் படிப்பதும் கொடிகளை ஞாபகம் வைத்திருப்பதும் நிஜமான திறமைதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படிப்பு முன்னால் ஓட, பேச்சும் பதில் கொடுப்பதும் பின்தங்கி நிற்கும்போது அதற்கு ஹைப்பர்லெக்ஸியா என்று பெயர், ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். உங்கள் மகனுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் காது பரிசோதனை. அதன்பின் வளர்ச்சிசார் குழந்தை மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கும், கட்டணம் இல்லாமல் பார்ப்பார்கள். சென்னைப் பக்கம் வர முடிந்தால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியை ஆறு வயதில் தொடங்குவதைவிட மூன்றே காலில் தொடங்குவது எவ்வளவோ மேல். அவனுடைய படிக்கும் திறமையே அதற்கு வழியாகவும் ஆகலாம், "தண்ணீர் வேண்டும்" என்று எழுதிய அட்டையைக் குடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள், எழுதியதைப் படித்துப் பேச ஆரம்பித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பள்ளி சேர்க்கும்போது மருத்துவர் சொன்னதை மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டதும் முகம் மாறாத பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: சொந்தக்காரர்கள் வந்தால் என் மகளைத் திருக்குறள் சொல்ல வைக்கிறார் அவள் அப்பா. ஐம்பது குறள் தெரியும். எல்லோரும் "ஜீனியஸ்" என்கிறார்கள். இது நல்லதா?
— ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: குறள் நல்லது, கூட்டம் வேண்டாம். 1998-இல் அமெரிக்காவில் க்ளாடியா ம்யூல்லர், கேரல் ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதிர்களைச் சரியாகப் போட்ட பிள்ளைகளில் ஒரு பிரிவிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், இன்னொரு பிரிவிடம் "நன்றாக முயற்சி செய்தாய்" என்றார்கள். புத்திசாலி என்று கேட்டவர்கள் அடுத்து எளிதான புதிரையே கேட்டார்கள், கஷ்டமானது கொடுத்தபின் அவர்களுடைய மதிப்பெண்ணும் குறைந்தது. பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். ஐம்பத்தோராவது குறளை மறந்துவிட்டால் உங்கள் மகளுக்கும் அப்படித்தான் இருக்கும். அவளுக்கே தோன்றிச் சொன்னால் கேளுங்கள், விருந்தாளி வந்ததும் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள் என்று அவள் அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி: நான் வயல் வேலைக்குப் போகிறேன் அக்கா, வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார். மகளுக்கு மூன்று வயது. எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்கிறாள், ஒரு தடவை கேட்ட கதையை அப்படியே சொல்கிறாள். நல்ல பள்ளிக்கு ஃபீஸ் கட்ட வசதியில்லை. அங்கன்வாடியில் விட்டால் இவள் அறிவு மழுங்கிவிடும் என்கிறார்கள்.
— ஒரு அம்மா, திருவாரூர் மாவட்டம்

பதில்: மழுங்காது. யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன, அங்கே முன்பருவக் கல்விக்கென்றே "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்று பாடத்திட்டமும் இருக்கிறது. பாட்டு, கதை, விளையாட்டு, பொருள்களைப் பிரித்து அடுக்குவது, இதைத்தான் நகரத்தில் லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லா மையமும் ஒன்றுபோல நடப்பதில்லை, அது உண்மை. பதிவேடு எழுதுவதிலேயே பணியாளரின் நேரம் போய்விடுகிற மையமும் உண்டு, சாயங்காலம் வரை பிள்ளைகளோடு பாடிக்கொண்டே இருக்கிற மையமும் உண்டு. ஈரோட்டு அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், ஒரு காலை அரை மணி நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் ஊரிலேயே இரண்டு மையம் இருந்தால் இரண்டையும் பாருங்கள். பக்கத்தில் அரசு நடுநிலைப் பள்ளி இருந்தால் அதன் வளாகத்தில் எல்கேஜி, யுகேஜி நடக்கிறதா என்றும் விசாரியுங்கள், 2019-இல் மாநிலம் முழுக்க 2,381 மையங்களில் அதைத் தொடங்கினார்கள்.

தனியார் பள்ளிதான் வேண்டும் என்று தோன்றினால் கட்டாயக் கல்விச் சட்டத்தில் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் உண்டு. ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருந்தால் எல்கேஜிக்கு விண்ணப்பிக்கலாம், பிறப்புச் சான்றும் வருமானச் சான்றும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பம் அறிவித்தபிறகு தாலுகா அலுவலகத்துக்கு அலைய நேரம் இருக்காது. ஆனால் இடம் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், முன்னால் இருக்கிற பிள்ளை மலர் நிலையில் உட்காரலாம்.

கதையை அப்படியே திருப்பிச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடவு, களை, அறுவடை, வயலில் பார்த்த பாம்பு, நாரை எல்லாவற்றையும் சாயங்காலம் அவளிடம் சொல்லுங்கள், நடுவில் நிறுத்தி "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். உங்களுக்கு நேரமில்லாத நாளில் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னாலும் சரிதான். போனில் இணையம் இருந்தால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே இருக்கின்றன, ஒரு நாளைக்கு ஒன்று படித்துக் காட்டுங்கள், பிறகு போனை வாங்கி வைத்துவிடுங்கள். ஊர்ப்புற நூலகத்தில் அவள் பெயரில் உறுப்பினர் அட்டை எடுத்துத் தாருங்கள். அங்கன்வாடிக்கு அவளைத் திங்கட்கிழமையே கூட்டிப் போங்கள், முதல் வாரம் மட்டும் மதியச் சாப்பாடு முடிகிறவரை நீங்களோ பாட்டியோ பக்கத்தில் இருக்க முடியுமா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.